கோவைக்குள் வராத ரயில் திருப்பூருக்கு வந்தது எப்படி? வரைபடத்தில் கோடு போட்ட டல்ஹவுசியின் கதை

தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கிற அந்த ஓரிரு நிமிடங்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை என்று ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்கள் கூட்டமாக இறங்குவார்கள். அதே கதவில் ஏறுவதற்கு இன்னொரு கூட்டம் முட்டி மோதும். உலகத்துக்கே டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் ஊருக்கு இரண்டே இரண்டு பிளாட்பாரம். இந்த ஸ்டேஷனை யார் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று யோசிக்க அந்த நெரிசலில் யாருக்கும் நேரம் இருக்காது.

இந்த ஊர் வழியாகத் தண்டவாளம் போட்ட காலத்தில் இங்கே பனியன் கம்பெனி எதுவும் கிடையாது. மாவட்டத் தலைநகரை விடுங்கள், தாலுகா தலைநகர்கூட இல்லை. பல்லடம் தாலுகாவில், நொய்யல் கரையில் இருந்த ஓர் ஊர். அவ்வளவுதான். அவிநாசிக்குப் பெரிய கோயில் இருந்தது, பல்லடத்தில் தாலுகா கச்சேரி இருந்தது, காங்கேயமும் தாராபுரமும் பெயர்பெற்ற ஊர்கள். இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட இன்றுவரை ஊருக்குள் ரயில் கிடையாது. அதைவிட ஆச்சரியம், கலெக்டர் இருந்த கோயம்புத்தூர் நகரத்துக்குள்ளேயே அந்தப் பாதை போகவில்லை. திருப்பூரைத் தொட்ட ரயில், கோவையைத் தொடாமல் போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக்குப் போய்விட்டது.

ஏன்? ஊரைப் பார்த்து யாரும் கோடு போடவில்லை. இரண்டு கடற்கரைகளைப் பார்த்துத்தான் கோடு போட்டார்கள். அப்படி இந்தியா முழுமைக்கும் கோடு போட்டவர், பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் நாம் வேறு காரணத்துக்காக மனப்பாடம் செய்த மனிதர்: டல்ஹவுசி பிரபு.

மூன்றாவது மகன்

ஜேம்ஸ் ஆண்ட்ரூ பிரவுன்-ராம்சே. இதுதான் முழுப்பெயர். 1812 ஏப்ரல் 22 அன்று ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் டல்ஹவுசி கோட்டையில் பிறந்தார். அப்பா ஒன்பதாவது டல்ஹவுசி பிரபு, நெப்போலியனுக்கு எதிரான போர்களில் சண்டை போட்டவர். பிறகு பிரிட்டிஷ் வட அமெரிக்காவின் கவர்னராகக் கனடாவில் இருந்தார். ஹாலிஃபாக்ஸில் இன்று நம்மூர்ப் பிள்ளைகளும் போய்ப் படிக்கிற டல்ஹவுசி பல்கலைக்கழகம் அவர் தொடங்கியது. அதற்கப்புறம் இந்தியாவில் தலைமைத் தளபதி.

ஜேம்ஸ் மூன்றாவது பிள்ளை. பட்டம், சொத்து எதுவும் அவருக்கு வர வேண்டிய முறை இல்லை. இரண்டு அண்ணன்மாரும் இளம் வயதில் இறந்துபோனதால் வாரிசு ஆனார். ஹாரோ பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு, 25 வயதில் நாடாளுமன்ற உறுப்பினர். 1838-ல் அப்பா இறந்ததும் பிரபுக்கள் சபைக்குப் போனார். இதற்கு நடுவில், 1836-ல் சூசன் ஹே என்பவரைத் திருமணம் செய்திருந்தார். மாமனார் ட்வீடேல் பிரபு. நமக்குத் தெரியாத ஆள் இல்லை. 1842 முதல் 1848 வரை சென்னை மாகாணத்தின் கவர்னர் அவர்தான். மருமகன் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே குடும்பத்துக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு.

லண்டனில் வாங்கிய அடி

டல்ஹவுசியின் ரயில் ஆர்வம் இந்தியாவில் தொடங்கியது இல்லை. 1843-ல் பிரிட்டனின் வர்த்தக வாரியத்தில் கிளாட்ஸ்டனுக்குத் துணையாகப் பதவி கிடைத்தது. ரயில்வே அந்த வாரியத்தின் கீழ்தான் வந்தது. 1844-ல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த ரயில்வே சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு பாதையிலும் தினம் ஒரு ரயிலாவது, மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில், மேற்கூரை உள்ள பெட்டியில் ஏழைகளை ஏற்றிப் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதற்கு முன்பு மூன்றாம் வகுப்பு என்றால் பல இடங்களில் கூரையே இல்லாத திறந்த வண்டி.

அடுத்த வருஷமே டல்ஹவுசி வாரியத்தின் தலைவர். அப்போது பிரிட்டனைப் பிடித்து ஆட்டியது ரயில் பைத்தியம். இன்றைக்கு கிரிப்டோ என்றால் எப்படியோ, அப்போது ரயில் கம்பெனி ஷேர் அப்படி. பாதிரியார் முதல் பெட்டிக்கடைக்காரர் வரை பணம் போட்டார்கள். ஒரே ஊருக்கு மூன்று கம்பெனிகள் மூன்று பாதை போட மனு கொடுத்தன. 1845 நவம்பர் 30 திட்ட வரைபடம் கொடுக்கக் கடைசி நாள். நள்ளிரவுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று நூற்றுக்கணக்கான திட்டங்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வாரியத்தின் வாசலுக்கு ஓடிவந்தார்கள்.

டல்ஹவுசியின் வாதம் எளிமையானது. எந்தப் பாதை நாட்டுக்குத் தேவை என்பதை முதலில் அரசு உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அப்புறம்தான் கம்பெனிக்கு அனுமதி. அவர் தலைமையில் இருந்த ரயில்வே குழு அப்படித்தான் ஒவ்வொரு திட்டமாகப் பிரித்துப் பார்த்து அறிக்கை கொடுத்தது. நாடாளுமன்றம் அந்த அறிக்கைகளைக் கண்டுகொள்ளவில்லை, குழுவையும் கலைத்துவிட்டார்கள். 1846-ல் மட்டும் 250-க்கும் மேற்பட்ட ரயில் சட்டங்கள் நிறைவேறின. அடுத்த வருஷம் பலூன் வெடித்தது. பல குடும்பங்களின் சேமிப்பு போச்சு.

போதாக்குறைக்கு அகலச் சண்டை வேறு. ஒரு கம்பெனி தண்டவாளங்களுக்கு நடுவே 7 அடி விட்டது, மற்றவை 4 அடி எட்டரை அங்குலம். இரண்டும் சந்திக்கிற ஸ்டேஷனில் சரக்கையெல்லாம் இறக்கி, வேறு வண்டியில் ஏற்ற வேண்டியதுதான்.

திட்டமில்லாமல் போட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு கிட்டே இருந்து பார்த்த வேறொரு அரசியல்வாதி அன்றைக்கு இருந்திருக்க முடியாது.

35 வயதில் கல்கத்தா

1848 ஜனவரியில் டல்ஹவுசி இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றார். வயது 35. இங்கே அவரைத் தடுக்க நாடாளுமன்றம் இல்லை, போட்டிக் கம்பெனிகளும் இல்லை. லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களைச் சம்மதிக்க வைத்தால் போதும்.

எட்டு வருஷத்தில் அவர் செய்த வேலைகளின் பட்டியல் நீளம். அரையணாத் தபால், தந்தி, கங்கைக் கால்வாய், பொதுப்பணித் துறை. இன்னொரு பட்டியலும் உண்டு. பஞ்சாப், கீழ் பர்மா இரண்டையும் போரில் பிடித்தார். ஆண் வாரிசு இல்லாமல் ராஜா இறந்தால், தத்துப் பிள்ளையை ஏற்காமல் நாட்டைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் வாரிசு இழப்புக் கொள்கையால் சதாரா, ஜான்சி, நாக்பூர் போயின. 1856-ல் அவத். ஆக, ஒரு கையில் பேனா, ஒரு கையில் கத்தரி.

இரண்டு பட்டியலையும் தனித்தனியாகப் படிப்பதுதான் நம் வழக்கம். சேர்த்துப் பார்த்தால்தான் ரயில் புரியும். 1853-ல் நிஜாமிடமிருந்து பெரார் பகுதியின் நிர்வாகத்தை டல்ஹவுசி வாங்கினார். பெரார் என்றால் பருத்தி. நாக்பூரைச் சுற்றியும் பருத்தி. மான்செஸ்டர் ஆலைகள் அமெரிக்கப் பருத்தியை நம்பியே ஓடின. அங்கே ஏதாவது நடந்தால் லங்காஷயர் முழுக்கப் பட்டினி. அதனால் ஆலை முதலாளிகள் இந்தியப் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர ரயில் போடச் சொல்லி அரசை நெருக்கிக்கொண்டே இருந்தார்கள்.

கொங்கு நாடும் அந்தக் கணக்கில் இருந்தது. டல்ஹவுசி வருவதற்கு முன்பே, 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி விதைகளைப் போட்டுப் பார்க்கும் சோதனைப் பண்ணையைக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தது. பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர். கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியை மாட்டு வண்டியில் கடற்கரைக்குக் கொண்டு போவதற்குள் மழை, தூசி, திருட்டு என்று பாதி மதிப்பு போய்விடும் என்பது அன்றைய வியாபாரிகளின் புலம்பல்.

1853 ஏப்ரல் 20

1853 ஏப்ரல் 16-ம் தேதி பம்பாய் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 20 அன்று, டல்ஹவுசி ஒரு நீண்ட குறிப்பில் கையெழுத்திட்டார். அரசாங்க வழக்கில் அதற்கு மினிட் என்று பேர். இந்திய ரயில்வேயின் அடிப்படை வரைபடம் அந்தக் குறிப்புதான்.

அதுவரை பேச்சு முழுக்கச் சின்னச் சின்னச் சோதனைப் பாதைகள் பற்றித்தான். டல்ஹவுசி அதை ஒதுக்கினார். கல்கத்தாவிலிருந்து வடமேற்கு எல்லை வரை, பம்பாயிலிருந்து உள்நாட்டுக்கு, சென்னையிலிருந்து மலபார் கடற்கரைக்கு, சென்னையையும் பம்பாயையும் இணைக்க ஒன்று என்று மாகாணங்களையும் துறைமுகங்களையும் பின்னும் பெருவழிகளைச் சொன்னார். படையை வேகமாக நகர்த்தலாம் என்பது முதல் காரணம். வியாபாரம் அடுத்தது. பருத்தியை அவர் வெளிப்படையாகவே குறிப்பிட்டார்.

லண்டனில் தோற்ற வாதங்களை இங்கே ஜெயித்துக் காட்டினார். பாதை எங்கே போக வேண்டும் என்று அரசு சொல்லும், கம்பெனி போடும். நாடு முழுக்க ஒரே அகலம். அவர் 6 அடி கேட்டார், கடைசியில் 5 அடி 6 அங்குலம் என்று முடிவானது. இன்று நாம் பிராட்கேஜ் என்று சொல்வது அதைத்தான். அவர் போன பிறகு, 1870-ல் மேயோ பிரபு காலத்தில் செலவைக் குறைக்க மீட்டர்கேஜைக் கொண்டுவந்தார்கள். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு அண்மைக்காலம் வரை மீட்டர்கேஜில் போய்க்கொண்டிருந்ததும், பிறகு வருஷக்கணக்கில் பாதையை மூடிவைத்து அகலப்படுத்தியதும் கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். டல்ஹவுசி பயந்தது அதைத்தான்.

பணம்? இதில்தான் வில்லங்கம். கம்பெனிகள் லண்டனில் முதல் திரட்டின. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 5 சதவீத வட்டி நிச்சயம் என்று அரசு உத்தரவாதம் கொடுத்தது. நிலம் இலவசம். நஷ்டம் வந்தால் யார் கட்டுவது? இந்திய வரிப்பணம். செலவைக் குறைக்க வேண்டிய அவசியமே கம்பெனிக்கு இல்லாததால், பல பாதைகளில் மதிப்பிட்டதைவிடச் செலவு மடங்குக் கணக்கில் எகிறியது. காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டன் இதைக் கடைசிவரை எதிர்த்தார். அந்தப் பணத்தில் கால்வாய் வெட்டினால் பயிருக்குத் தண்ணீரும் கிடைக்கும், படகில் சரக்கும் போகும் என்பது அவர் கட்சி. நொய்யலின் இன்றைய நிலையைப் பார்க்கிற யாருக்கும் காட்டனை லேசில் தள்ளிவிடத் தோன்றாது.

பயணிகளைப் பற்றியோ பெரிய நம்பிக்கை யாருக்கும் இல்லை. 1845-லேயே கம்பெனி இயக்குநர்கள், இந்தியாவில் வருமானம் சரக்கிலிருந்துதான் வரும், ஆட்களிடமிருந்து அதிகம் எதிர்பார்க்க முடியாது என்று கணித்திருந்தார்கள். ஜனங்கள் ஏழைகள், சாதி பார்ப்பவர்கள், ஒரே பெட்டியில் உட்கார மாட்டார்கள் என்பது பலரின் எண்ணம். ரயில் ஓட ஆரம்பித்த சில வருஷங்களிலேயே அந்தக் கணிப்பு தவிடுபொடி. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கீழ்வகுப்புப் பயணிகள். கோயிலுக்கு, சந்தைக்கு, கல்யாணத்துக்கு, பிழைப்புக்கு என்று ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த 1853-ம் வருஷம் டல்ஹவுசிக்குச் சொந்த வாழ்க்கையில் பேரிடி. உடல்நிலை மோசமாகி மனைவி சூசன் ஊருக்குக் கப்பலேறியிருந்தார். வழியிலேயே, கப்பலில், இறந்துபோனார். அந்தச் செய்தி கல்கத்தாவுக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆனது. ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் அன்று தந்தி கிடையாது. அவர் வேலைக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்துகொண்டார்.

நீலகிரியில் ஒரு நோயாளி

1855-ல் டல்ஹவுசி தமிழ்நாட்டுக்கு வந்தார். சுற்றிப்பார்க்க இல்லை. காலில் எலும்பு நோய், தொண்டையில் தொந்தரவு, நடக்கவே சிரமம். மலைக்காற்று நல்லது என்று நீலகிரிக்குப் போனார். ஊட்டியிலும் கோத்தகிரியிலுமாக மாதக்கணக்கில் தங்கி, இந்தியா முழுவதையும் அங்கிருந்தே நிர்வாகம் செய்தார். அவத் ராஜ்ஜியத்தை என்ன செய்வது என்ற முக்கியக் குறிப்பு அந்தத் தங்கலின்போது எழுதியதுதான்.

அதே ஆண்டு ஜூன் மாதம் வங்காளத்தின் ராஜ்மகால் மலைப்பகுதியில் சந்தால் பழங்குடிகள் சித்து, கானு என்ற சகோதரர்கள் தலைமையில் கிளர்ந்து எழுந்தார்கள். வட்டிக்காரர்கள், ஜமீன்தார்கள், போலீஸ் மீதான கோபம்தான் பெரிது. ஆனால், அந்தப் பக்கம் ரயில் பாதை போட வந்தவர்கள் சந்தால்களிடம், குறிப்பாகப் பெண்களிடம் நடந்துகொண்ட விதமும் அதில் ஒரு காரணம். படை போனது, ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். வரைபடத்தில் ஒரு கோடு தரையில் இறங்கும்போது என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு அது முதல் பெரிய உதாரணம்.

தமிழ்நாட்டிலும் அந்த வருஷம் இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன. தஞ்சை ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், மராட்டிய அரச மரபு அதோடு முடிந்தது. ஆற்காடு நவாப் குலாம் கவுஸ் கான் இறந்தார், நவாப் பட்டமும் ஒழிந்தது. நவாபின் சேப்பாக்கம் அரண்மனை சில வருஷங்களில் அரசாங்கக் கைக்குப் போய்விட்டது.

கோடு தரைக்கு வருகிறது

சென்னைப் பக்கம் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1853 ஜூனில் ராயபுரத்தில் வேலையைத் தொடங்கியது. தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்லே புரூஸ். ஊர் அதிகாரத்தை வைத்து ஆட்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துவந்து வேலை வாங்குவது அன்று சாதாரணம். புரூஸ் அதை ஏற்காமல், கூலி கொடுத்து விரும்பி வருகிறவர்களை வைத்தே வேலை செய்தார்.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போக வேண்டுமானால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. பம்பாய்க்காரர்களுக்கு அங்கே வேறு வழி இல்லை, போர் கணவாயில் மலையைக் குடைந்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து, 1863-ல்தான் அது முடிந்தது. நமக்கு இயற்கையே வழி விட்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத இடைவெளி. சேலத்திலிருந்து சங்ககிரி, காவிரியைத் தாண்டி ஈரோடு, அங்கிருந்து நொய்யல் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு நேராகக் கணவாய் வாசலுக்கு.

இப்போது திருப்பூர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அவிநாசி வடக்கே ஒதுங்கிவிட்டது. பல்லடம் தெற்கே தள்ளிப்போனது. காங்கேயமும் தாராபுரமும் இன்னும் தொலைவு.

கோயம்புத்தூர் நொய்யலுக்கு வடகரையில். கணவாய்க்குப் போகும் கோடு இருகூரிலிருந்து தென்மேற்கே இறங்கி, ஆற்றுக்குத் தெற்கே போத்தனூரைத் தொட்டுப் போனது. நகரத்துக்காரர்கள் ரயில் ஏற ஆறேழு கிலோமீட்டர் வண்டி கட்டிக்கொண்டு போத்தனூர் போக வேண்டியிருந்தது. இன்றும் சில கேரள ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் இருகூர் – போத்தனூர் வழியாகவே போய்விடுகின்றன, அதை எதிர்த்துக் கோவையில் மனு மேல் மனு போகிறது. 1850-களின் கோட்டோடு நடக்கிற சண்டைதான் அது.

ஸ்டேஷன்களை டல்ஹவுசி தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் போட்டது பெருங்கோடு. எங்கே நிற்பது என்பதைக் களத்தில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அவர்கள் கணக்கில் ஊரின் பெருமைக்கு இடம் குறைவு. நீராவி என்ஜினுக்குச் சீரான தூரத்தில் தண்ணீர் வேண்டும், எரிக்க விறகு வேண்டும். சென்னைப் பாதையில் முதல் சில பத்தாண்டுகள் என்ஜின்கள் பெரும்பாலும் விறகில்தான் ஓடின. சேலம், ஜவ்வாது மலைக் காடுகள் அதற்கும் தண்டவாளக் கட்டைகளுக்குமாக வெட்டுப்பட்டன. 1856-ல் சென்னை மாகாணத்தில் வனத்துறை உருவாகி கிளெக்ஹார்ன் பொறுப்பேற்றபோது, ரயில்வேயின் விறகுப் பசி அவருக்குப் பெரிய தலைவலி.

வாரிசு இல்லாத வீடு

1856 மார்ச் தொடக்கத்தில் டல்ஹவுசி கல்கத்தாவிலிருந்து கிளம்பினார். வயது 43. ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியவில்லை. நான்கு மாதம் கழித்து, ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் பொதுமக்களுக்கு ஓடியது. அதை அவர் பார்க்கவில்லை.

ஊருக்குப் போன அடுத்த வருஷமே 1857 வெடித்தது. ஜான்சி, அவத், பேஷ்வாவின் தத்துப்பிள்ளை நானா சாகிபுக்கு மறுக்கப்பட்ட ஓய்வூதியம் என்று எழுச்சியின் ஒவ்வொரு நரம்பும் டல்ஹவுசியின் முடிவுகளில் போய் முடிந்தது. இங்கிலாந்தில் நேற்றுவரை புகழ்ந்தவர்கள் திட்டினார்கள். பதில் சொல்ல அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1860 டிசம்பர் 19 அன்று, பிறந்த அதே டல்ஹவுசி கோட்டையில், 48 வயதில் இறந்தார்.

அவருக்கு இரண்டு மகள்கள். மகன் இல்லை. 1849-ல் பஞ்சாபைச் சேர்த்ததற்குப் பரிசாகக் கிடைத்த மார்க்கிஸ் பட்டம், ஆண் வாரிசு இல்லாததால் அவரோடு செத்துப்போனது. பரம்பரைப் பிரபு பட்டம் சித்தப்பா வழி உறவினர் ஒருவருக்குப் போனது. ஜான்சிக்காரர்கள் யாராவது அதைக் கேள்விப்பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

தன் தனிப்பட்ட காகிதங்களை 50 வருஷம் வெளியிடக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் 1910-ல்தான் புத்தகமாக வந்தன.

கோட்டின் மேல் வளர்ந்த ஊர்

அவர் இறந்து இரண்டு வருஷத்துக்குள், 1862-ல், சென்னையிலிருந்து திருப்பூர், போத்தனூர் வழியாகக் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேப்பூர் வரை பாதை முழுமையானது. நேரம் பாருங்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, பருத்தி வரத்து நின்றுபோயிருந்தது, மான்செஸ்டர் எந்த விலைக்கும் இந்தியப் பருத்தியை வாங்கத் தயாராக இருந்தது. கொங்கு நாட்டுப் பருத்திக்கு அப்போதுதான் ரயில் கிடைத்திருந்தது.

சுற்றுவட்டாரத்துப் பருத்தி வண்டி கட்டி வந்து இறங்க வசதியான இடமாகத் திருப்பூர் மாறியது. பருத்திச் சந்தை வந்தது, பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஆலைகள் வந்தன. கோயம்புத்தூருக்கு 1873-ல் மேட்டுப்பாளையம் கிளைப்பாதை மூலம்தான் ரயில் கிடைத்தது. அதுவும் நீலகிரிக்குப் போகும் வழியில் இருந்ததால். 1920-களில் திருப்பூர் தமிழ்நாட்டுக் கதர் வேலையின் பெரிய மையம். அதே காலகட்டத்தில் பின்னலாடை இயந்திரங்களும் எட்டிப் பார்த்தன. 1932 ஜனவரியில் தடியடி பட்டு இறந்த குமரனுக்கு நினைவு மண்டபம் இருப்பதும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான்.

பருத்தியை மூட்டையாக வெளியே அனுப்பப் போட்ட பாதை இது. இன்று திருப்பூர் அனுப்புவது தைத்து முடித்த உடுப்பு, அதுவும் பெரும்பாலும் கண்டெய்னர் லாரியில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு. ரயில் கொண்டுவருவது ஆட்களை. 1845-ல் இயக்குநர்கள் போட்ட கணக்கு இதைவிடத் தலைகீழாக முடியாது.

புதிய பாதையோ ஸ்டேஷனோ கேட்கிற ஊருக்கு இன்றும் முதல் கேள்வி அதேதான்: போட்ட பணத்துக்கு என்ன வரும்? அன்று 5 சதவீத உத்தரவாதம். சுதந்திர இந்தியாவின் ரயில்வேயோ நெடுங்காலம் 14 சதவீத வருவாய் விகிதத்தை அளவுகோலாக வைத்திருந்தது. சர்வே எடுப்பார்கள், பயணிகளையும் சரக்கையும் மதிப்பிடுவார்கள், அந்த எண்ணைத் தொடாவிட்டால் கோப்பு அலமாரிக்குப் போய்விடும். ஈரோட்டிலிருந்து காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்குப் பாதை என்ற கோரிக்கை பல ஆண்டுகளாகச் சர்வே, பட்ஜெட் அறிவிப்பு, மனு என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தண்டவாளம் இன்னும் வரவில்லை. தாராபுரத்துக்காரர் சென்னைக்கு ரயிலேற வேண்டுமானால், இன்றைக்கும் திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ முதலில் பஸ் பிடிக்கிறார்.